கடைமடையில் சைக்கிள்: தஞ்சை காந்திஜி சாலையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

'ரோட்ட அகலப்படுத்தணும்' - தஞ்சாவூரில் கட்சிக்காரர், கடைக்காரர், ஆட்டோக்காரர் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். ரயிலடியிலிருந்து ஆற்றுப்பாலம் வழியாகப் பழைய பேருந்து நிலையம் போகும் காந்திஜி சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்கிற யாருக்கும் இது நியாயமாகவே படும். 2016 செப்டம்பரில் தஞ்சாவூர் 'சீர்மிகு நகர'ப் பட்டியலில் இடம்பெற்றது. பழைய பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டது. காமராசர் சந்தை இடித்துக் கட்டப்பட்டது. புது ஆற்றின் மேலிருந்த இர்வின் பாலமும் புதிதாக எழுந்தது. 2025 மார்ச்சில் அந்தத் திட்டமே நாடு முழுக்க முடிந்துபோயிற்று. ஆனால் 'அகலம்' என்ற கோரிக்கை மட்டும் முடியவில்லை.

அகலம் என்பது நடுநிலையான சொல் போலத் தோன்றுகிறது. அடி, மீட்டர், அவ்வளவுதானே. ஆனால் யாருக்கான அகலம், யாரைத் தள்ளிக் கிடைக்கும் அகலம் என்று கேட்ட உடனேயே அது அரசியல் சொல்லாகிவிடுகிறது. தெருவின் பிரச்சினை அகலத்தில் இருப்பதைவிடப் பங்கீட்டில்தான் அதிகம் இருக்கிறது என்பதே இக்குறிப்புகளின் வாதம்.

2

மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934-இல். அதன் கூடவே வந்ததுதான் தஞ்சை நகரை ஊடறுத்துப்போகும் கல்லணைக் கால்வாய், நம் வழக்கில் புது ஆறு. அதே 1934-இல்தான் இந்தியச் சாலைகள் மாநாடு என்கிற அமைப்பும் உருவானது. இன்றுவரை சாலைகளின் அளவுகளை விதிக்கும் ஐ.ஆர்.சி. அதுதான். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல். ஆனால் இரண்டின் மொழியும் ஒன்று. ஓட்டம், கொள்ளளவு, அடைப்பு, வடிகால் என்று வாய்க்காலுக்கான சொற்களாலேயே சாலைப் பொறியியலும் பேசுகிறது. அடைப்பு இருந்தால் வாயை அகலமாக வெட்டு என்பதே அதன் முதல் யோசனை.

டெல்டாக்காரனுக்கு இந்தப் பேச்சு செல்லாது. தலைமடையில் மதகைப் பெரிதாக்கினால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலைமடைக்காரன் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வான், அவ்வளவுதான். அதனால்தான் முறை வைத்தார்கள். எந்த மதகு எத்தனை நாள் திறக்க வேண்டும், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று கணக்கு வைத்தார்கள். தண்ணீர்ச் சண்டை என்பது பங்குச் சண்டைதான்.

சாலைக்கும் இதுவே கதி என்பதை அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962-இலேயே விளக்கிவிட்டார். சாலையை அகலப்படுத்தினால் முன்பு நேரம் மாற்றிப் போனவன், வேறு வழியில் போனவன், பஸ்ஸில் போனவன் எல்லோரும் அந்த அகலத்தைத் தேடி வருவார்கள். நெரிசல் பழைய இடத்துக்கே திரும்பும். தலைமடைதான் குடிக்கிறது.

அப்படியானால் தெருவின் கடைமடை யார்? கரந்தையிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் ஒரு பெரியவரை ஆற்றுப்பாலத்தருகே சந்தித்தேன். 'ரோடு நல்லாத்தான் போட்டுருக்கான். அதுல நான் எங்க போறதுன்னுதான் தெரியல' என்றார். இவ்வளவு தெளிவாக எந்தப் பொறியாளரும் பிரச்சினையைச் சொல்லிக் கேட்டதில்லை.

3

அவருக்கு ஏன் இடம் தெரியவில்லை? தெருவை அளக்கும் அலகைப் பார்க்க வேண்டும். பி.சி.யூ. என்பார்கள், பயணிக் கார் அலகு. நகரச் சாலைகளின் கொள்ளளவு பற்றிய ஐ.ஆர்.சி.யின் 1990-ஆம் ஆண்டு வழிகாட்டி ஒரு அட்டவணை தருகிறது. கார் 1. மற்றதெல்லாம் காரின் மடங்குகள் அல்லது பின்னங்கள். வாகனக் கலப்பைப் பொறுத்து சைக்கிள் 0.4 அல்லது 0.5. மோட்டார் சைக்கிள் 0.5 அல்லது 0.75. பஸ் 2.2 அல்லது 3.7. கைவண்டி 2 அல்லது 3. நடந்துபோகிறவருக்கு அந்த அட்டவணையில் எண்ணே கிடையாது. 2017-இல் இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு வந்தபோது எண்கள் மாறின. அலகு காராகவே தொடர்ந்தது.

இந்த அட்டவணையை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். ஒரு டவுன் பஸ்ஸில் அறுபது பேர். அது 3.7 காருக்குச் சமம். காருக்கு இரண்டு பேர் என்று வைத்தால் ஏழெட்டுப் பேர் பிடிக்கும் இடத்துக்கு அறுபது பேரும் சமமாகிவிடுகிறார்கள். கணக்கில் மனிதர் இல்லை, தகரம் மட்டுமே இருக்கிறது. பஸ் 'தொந்தரவு' ஆகிறது, கைவண்டி 'இடைஞ்சல்' ஆகிறது. நடப்பவர் இல்லாமலே போகிறார். சாதாரணத் தொழில்நுட்ப எண் என்று நாம் ஒதுக்குகிற ஒன்றில் அதிகாரம் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது.

மனிதரை எண்ணினால் படம் தலைகீழாகும். அமெரிக்க நகரப் போக்குவரத்து அலுவலர் சங்கத்தின் 2016-ஆம் ஆண்டுக் கையேடு சுமார் மூன்று மீட்டர் தடத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்று கணக்கிடுகிறது. காரில் 600 முதல் 1,600 பேர். பஸ்ஸுக்கென ஒதுக்கிய தடத்தில் 4,000 முதல் 8,000. காப்புள்ள சைக்கிள் பாதையில் 6,500 முதல் 7,500. நடைபாதையில் 8,000 முதல் 9,000. இவை அங்குள்ள எண்கள், இங்கே கூடக் குறையலாம். ஆனால் வரிசை மாறாது.

4

ஓடும் காரைவிட நிற்கும் கார் பெரிய விஷயம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் வேண்டும். நம்மூர் அளவில் கிட்டத்தட்ட ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இரண்டாயிரம் கார் தெருவோரம் நின்றால் ஒரு வேலி நிலம் அடைபட்டுப்போகிறது. நில உச்சவரம்பு பற்றி இவ்வளவு பேசிய மண்ணில் இந்த வாரம் கட்டாத குத்தகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதே இடத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு குழியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் அவருக்கு மட்டுமே உரியது. 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பு நடத்தி, நகர விற்பனைக் குழு அமைத்து, அதன்பிறகே ஒழுங்குபடுத்தச் சொல்கிறது. மேம்பாட்டு வேலை தொடங்கும் நாளில் அந்தச் சட்டத்துக்கு முன்னால் ஜே.சி.பி. வந்துவிடுகிறது.

5

சரி, என்னதான் செய்யலாம்? காந்திஜி சாலை எல்லா இடத்திலும் ஒரே அகலம் இல்லை. பேச்சுக்கு ஐம்பது அடி, அதாவது பதினைந்து மீட்டர் என்று வைப்போம். ஐ.ஆர்.சி.யே 2012-இல் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர், அதுவும் கம்பமோ பெட்டியோ இல்லாத வெற்றிடமாக வேண்டும் என்கிறது. இரு பக்கமும் சேர்த்து 3.6. சைக்கிளுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு மீட்டர், 4. பஸ்ஸும் காரும் போக 3.3 மீட்டரில் இரண்டு தடம், 6.6. கூட்டினால் 14.2. மிச்சம் முக்கால் மீட்டருக்கு மேல் மரத்துக்கும் பூக்கூடைக்கும். கார் நிறுத்த இடம் இல்லை. ஆம், இல்லை. இதுதான் பங்கீட்டின் விலை. அகலம் என்ற சொல் இந்த விலையைத்தான் மறைத்து வைத்திருந்தது.

பஸ் நிறுத்தத்தைச் சாலையிலிருந்து உள்ளே வெட்டி அமைப்பது வழக்கம். வெட்டிய இடத்தில் ஆட்டோ நிற்கும். உள்ளே போன பஸ் வெளியே வர இடம் கிடைக்காமல் தவிக்கும். மாறாக நடைபாதையைப் பஸ்ஸின் தடம் வரை வெளியே நீட்டினால், பஸ் ஒதுங்காமல் நிற்கும், ஏறுபவர் தார் ரோட்டில் இறங்க வேண்டாம். பின்னால் வரும் கார் அரை நிமிஷம் காத்திருக்கும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட்டில் கிடைத்த மரியாதை நிறுத்தத்திலும் கிடைக்க வேண்டாமா?

சைக்கிளுக்கு இன்னொரு எதிரி மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்துக்குப் போயின. தார் முடிகிற விளிம்பிலிருந்து மண்ணில் இறங்குகிற சைக்கிள் சாய்கிறது. சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே எழுத வேண்டியிருந்தது.

இடம் பத்தாத ராஜவீதிகளில் தனிப்பாதை முடியாது. அங்கே வேகத்தைக் குறைப்பதே வழி. மனிதரும் வண்டியும் கலக்கும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு அறிவித்தது. ராஜவீதிகளுக்கு இது புதிதல்ல. 2015-இல் சுமார் நூறாண்டுக்குப் பின் பெரியகோயில் தேர் அங்கே ஓடியபோது, நடக்கிறவர் வேகத்தில்தான் எல்லாம் நகர்ந்தது.

6

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில், பாதையில் எந்த வகுப்பாரும் நடக்கலாம் என்பது அதன் சாரம். அக்ரகாரம், குடியானத்தெரு என்று தெருவே சாதிப் பெயரோடு இருந்த தஞ்சை ஜில்லாவில் அது எவ்வளவு பெரிய சொல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய தடையும் இன்றைய நெருக்கடியும் ஒன்றல்ல, ஒன்றென்பது அநியாயம். ஆனால் 'பொதுத் தெரு' என்ற கருத்தே போராடிப் பெற்றது என்பதை மறந்துவிட்டு அதை கார் நிறுத்துமிடமாக எழுதிக்கொடுக்கக் கூடாது.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அரசு சைக்கிளைக் கொடுத்தது. அது ஓடத் தெருவைக் கொடுக்கவில்லை.

முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கை ஏற்றது. 2019-இல் பாண்டி பஜாரில் நடப்பவருக்கு அகலமான தளம் திறந்தது. ஆனால் அங்கே நடைபாதைக் கடைக்காரர்கள் 2013-லேயே ஒரு கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டுவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நடப்பவருக்கான தெருகூட வாங்க வருகிறவருக்கான தெருவாகச் சுருங்கிவிடலாம்.

எனவே, அடுத்த முறை காந்திஜி சாலைக்கு ஒரு திட்டம் வரும்போது, வரைபடத்தைக் கேட்பதற்கு முன் கணக்கைக் கேட்போம். வண்டியை எண்ணினீர்களா, ஆளை எண்ணினீர்களா? நடப்பவரை எண்ணினீர்களா? பூக்காரரைக் கணக்கெடுத்தீர்களா? மாமன்றக் கூட்டத்தில் இதைக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் போதும். அவரைக் கேட்கவைப்பது நம் வேலை. காவிரி நீருக்குக் கடைமடையிலிருந்து கிளம்பிய குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தெருவுக்கும் ஒரு கடைமடை உண்டு என்று சொல்ல நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.