தாம்பரத்தைச் சுற்றி: இருளர் வழிகாட்டும் நிலம்

தாம்பரத்திலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் பாறைக் குன்று, ஏரி, சதுப்பு நிலம், புதர்க்காடு, கடற்கரை ஆகிய ஐந்தும் இருக்கின்றன. இந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, எந்த வளையில் என்ன இருக்கும், எந்த வேர் எதற்கு உதவும் என்று அறிந்து வைத்திருப்பவர்கள் இருளர் பழங்குடியினர். ஒரு நிலத்தையும் அதை அறிந்த மக்களையும் சேர்த்தே பார்க்கும் சிறு குழுப் பயணத்தை நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நடத்தி வருகிறார்கள். அப்படியொரு பயணத்துக்குரிய நிலமும் வழிகாட்டிகளும் சென்னையின் தென் புறநகரிலேயே உண்டு.

குன்று, ஏரி, சதுப்பு

பயணத்தைப் பல்லாவரத்தில் தொடங்குவது பொருத்தம். 1863 மே 30 அன்று, புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்குள்ள படைத்திடலில் சரளை மண் தோண்டிய பள்ளத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்கு அறிவித்த கண்டுபிடிப்பு அது. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல்லும் இதே வகை என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அவர் பெயரையே பாறைக்கும் சூட்டினார். இந்தக் குன்றுகளில் பல, கல்குவாரிகளுக்குப் பலியாகிவிட்டன. கைவிடப்பட்ட குவாரிகளில் இன்று மழைநீர் தேங்கி நிற்கிறது. மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காட்டில் அத்தகைய பழைய குவாரியின் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. சுமார் 320 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காடு, குடியிருப்புகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த புதர்க்காட்டின் ஒரு துண்டு.

குன்றுகளுக்கு இடையில் ஏரிகள். இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்றின் கலங்கல் அடுத்ததன் வரத்து. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் நீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பில் சேரும். சதுப்பில் தேங்கியது போக மிஞ்சிய நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். 2007இல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பழைய சதுப்பின் பெரும்பகுதி குப்பை மேடாகவும் கட்டடங்களாகவும் மாறியபின் எஞ்சியது இது. ஏரிக்கும் ஏரிக்கும் இடையிலான கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்க்கும் ஒருவருக்கு, பெருமழையில் வேளச்சேரி ஏன் மூழ்குகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

நிலத்தை அறிந்த மக்கள்

வண்டலூரைத் தாண்டிச் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் நோக்கிச் செல்லச் செல்ல வயல்களும் புதர்க்காடுகளும் கூடுகின்றன. காரை, களா, சூரை, முட்சங்கு, ஆவாரை, வெப்பாலை என்று முள்ளும் பிசினும் கசப்பும் நிறைந்த செடிகள் அடர்ந்த காடு இது. இதன் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இருளர் குடியிருப்புகள் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர் சுமார் 1.9 லட்சம் பேர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து, தமிழ்நாட்டின் நலிவுற்ற பழங்குடிகள் ஆறில் ஒன்றாக அரசு இவர்களை வகைப்படுத்தியிருக்கிறது.

இருளரின் அறிவு அன்றாடப் பிழைப்பிலிருந்து வந்தது. வயல் வரப்பில் நடக்கும்போது அவர்கள் கண் தரையில்தான் இருக்கும். வளையின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் உள்ளே எதுவும் போய்வரவில்லை. புது மண் தள்ளியிருந்தால் எலி குடியிருக்கிறது. வாய் வழவழப்பாகி, அருகே சட்டையோ எச்சமோ கிடந்தால் பாம்பு வந்துபோகிறது. எலி வளையானால், அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வளையின் வாயில் பொருத்திப் புகையை உள்ளே ஊதுவார்கள். பிறகு கடப்பாரையால் தோண்டி எலிகளைப் பிடிப்பார்கள். அறுவடைக்குப் பின் எலி சேர்த்து வைத்த நெற்கதிரும் வளையிலிருந்து கிடைக்கும். உழவருக்குப் பயிர்க்காவல், இருளருக்கு உணவு. மருந்து எதுவும் வயலில் விழுவதில்லை. மழைக்கால மாலைகளில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடிப்பதும், வேர் கிழங்கு தோண்டுவதும், வடக்கே எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் வெறுங்கையால் இறால் தடவிப் பிடிப்பதும் இதே அறிவின் வேறு வேறு முகங்கள்.

இந்த அறிவுக்கு நாடு நெடுங்காலம் மதிப்புத் தரவில்லை. காடுகள் காப்புக்காடுகளானபோது அவற்றை நம்பி வாழ்ந்தவர்கள் வெளியே நின்றார்கள். கையில் நிலம் இல்லாததால் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு கொத்தடிமைகளாய்ச் சிக்கிய குடும்பங்கள் பல. சாதிச் சான்றிதழும் வீட்டுமனைப் பட்டாவும் பெறுவது இன்றும் பலருக்குப் பெரும்பாடாகவே இருக்கிறது. இருளரைப் பற்றிய எந்தப் பயணமும் இந்த உண்மையை ஒளித்து வைக்கக் கூடாது.

தோல் வணிகம் போய் நஞ்சு வந்தது

பாம்புத் தோல் வணிகம் ஒருகாலத்தில் சென்னையில் பெரிதாக நடந்தது. அதற்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. சட்டம் பாம்புகளைக் காத்தது. இருளர் குடும்பங்கள் வருமானம் இழந்தன.

இருளரிடம் பாம்பு பற்றிக் கற்றவர்களில் ஒருவர் ராமுலஸ் விட்டேக்கர். கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய அவர், அதற்கு முன் தாம்பரம் அருகே சேலையூரில்தான் முதல் பண்ணையை வைத்திருந்தார். 1972இல் அது கிண்டிக்கு இடம் மாறியது. 1976இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை உருவானது. 1978இல் அந்த வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து விற்பது அதன் தொழில்.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் உறுப்பினர்கள் பிடித்து வருகிறார்கள். கொஞ்சம் மண் போட்ட பானையில் பாம்பை விட்டு, வாயைப் பருத்தித் துணியால் கட்டி வைக்கிறார்கள். நஞ்செடுக்கும்போது, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பைப் பாம்பு கடிக்கும்படி பிடிக்கிறார்கள். பல் சவ்வைத் துளைக்க, சில துளி நஞ்சு உள்ளே வழிகிறது. கண்ணாடி விரியனின் நஞ்சு மஞ்சளாகவும் கட்டு விரியனுடையது ஏறக்குறைய நிறமின்றியும் இருக்கும். வாரம் ஒருமுறையாக மூன்று, நான்கு வாரம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விட்ட பாம்பு மறுபடி உடனே பிடிபடாமலிருக்க அந்த அடையாளம் உதவுகிறது. நஞ்சை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து நஞ்சுமுறி மருந்து தயாராகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. உயிர் பிழைத்தவர்கள் எத்தனையோ பேருக்கு ஏற்றிய மருந்தின் தொடக்கம் இந்தச் சங்கத்தின் பானைகளில் இருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிப்பது வேலை. புது நாடு, அறியாத சதுப்பு, முன்பின் தேடியிராத இனம். ஆயினும் தடம் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடித்த அவர்களின் திறன் அங்குள்ள ஆய்வாளர்களை வியக்க வைத்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வேரும் இலையும்

திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் தண்டரை என்ற ஊர் இருக்கிறது. இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் இங்கே மூலிகை வளர்ப்பையும் மரக்கன்று வளர்ப்பையும் மருந்து தயாரிப்பையும் நடத்தி வருகிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு நாள்தோறும் திரளும் மக்கள், தங்கள் மருந்தின் மூலப்பொருள் எத்தகைய காட்டில் வளர்கிறது என்று இப்பகுதிக்கு வந்தால் கண்ணால் காணலாம்.

செடி பற்றிய நடையில் எதையும் வேகமாகக் கடக்க முடியாது. தரையோடு படர்ந்த மெல்லிய கொடியின் வேரைக் கீறி முகர்ந்தால் நன்னாரி மணம் எழும். கோடையில் குடிக்கும் சர்பத்தின் மணம் அது. புதர்மேல் ஏறிய சிறுகுறிஞ்சான் கொடியில் ஓர் இலையைக் கிள்ளி மென்றுவிட்டுச் சர்க்கரையை நாக்கில் வைத்தால் இனிப்பே தெரியாது. மணலை வாயில் போட்டதுபோல் நறநறக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணர்வைச் சிறிது நேரம் தடுத்துவிடுவதே காரணம். நீரிழிவுக்குச் சித்த மருத்துவம் பயன்படுத்தும் செடியும் இதுவே. வழிகாட்டி காட்டித் தராத எந்த இலையையும் வாயில் வைக்கக் கூடாது என்பது இந்த நடையின் முதல் விதி. உயிருக்கு ஆபத்தான குன்றிமணியும் இதே வேலிகளில் படர்ந்திருக்கும்.

மாசி நிலவில் மாமல்லபுரம்

ஆண்டுக்கு ஒருமுறை, மாசி மாதப் பௌர்ணமியில், பல மாவட்ட இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகின்றன. அவர்களின் தெய்வம் கன்னியம்மன். குச்சி நட்டுப் புடவை கட்டிய கூடாரங்களில் இரவு தங்குகிறார்கள். விடியலில் ஈர மணலைக் குவித்து ஏழு படி வைத்து, பூவும் விளக்கும் தேங்காயும் வைத்துக் கடலோரம் வழிபடுகிறார்கள். குழந்தைகளுக்குப் பெயர் சூட்டுவதும், காது குத்துவதும், பெரியவர்கள் முன்னிலையில் திருமணம் முடிப்பதும் அங்கேயே நடக்கின்றன. சிதறி வாழும் மக்களுக்கு உறவினரைக் காணவும் பெண் பார்க்கவும் கிடைக்கும் நாள் அது. பார்வையாளர் தள்ளி நிற்க வேண்டிய இடமும் அதுவே. அழைத்தால் அருகே செல்லலாம்; கேட்டபின் படம் எடுக்கலாம்.

மாவோரி அனுபவம்

நியூசிலாந்தின் ரோட்டோருவா பகுதியில் வெந்நீர் ஊற்றுகளும் கொதிக்கும் சேற்றுக் குளங்களும் உள்ளன. அங்கு வாழும் மாவோரி மக்கள், ஏரிக்கரையில் இயற்கையாக அமைந்திருந்த இளஞ்சிவப்பு, வெண்ணிறப் படித்திட்டுகளைக் காண வந்தவர்களுக்குக் கட்டணம் வாங்கி வழிகாட்டினார்கள். சோஃபியா ஹினேராங்கி என்ற பெண் அவர்களில் புகழ்பெற்றவர். 1886 ஜூன் 10 அன்று தாரவேரா எரிமலை வெடித்துத் திட்டுகளும் சிற்றூர்களும் புதைந்தன. தப்பியவர்கள் பக்கத்து வெந்நீர் ஊற்றுப் பகுதிக்குக் குடிபெயர்ந்து, அங்கும் வழிகாட்டிகளாகத் தொடர்ந்தார்கள். அந்த வரிசையில் வந்த மகெரெட்டி, பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் மானுடவியல் பயின்று தம் மக்களைப் பற்றி நூல் எழுதினார்; அவர் மறைந்தபின் 1938இல் அது வெளியானது. 1987இல் கைகோரா என்ற கடலோர ஊரில் மாவோரிக் குடும்பங்கள் வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கித் திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணத்தைத் தொடங்கின. வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்த அந்த ஊருக்கு அதுவே வாழ்வு தந்தது.

எங்கே கூட்டிச் செல்வது, எதைச் சொல்வது, எதைக் காட்டாமல் காப்பது, கட்டணம் எவ்வளவு என்பதை இங்கெல்லாம் மண்ணின் மக்களே முடிவு செய்தார்கள். தங்கள் பண்பாட்டைப் பிறர் வேடிக்கைப் பொருளாக்கும் ஆபத்தை மாவோரி மக்களும் சந்தித்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட தற்காப்பு, நடத்தும் உரிமையைத் தம் கையில் வைத்துக்கொள்வது.

சிறு குழு ஏன்?

புதர்க்காட்டு ஒற்றையடிப் பாதையில் பத்துப் பேர் போனால் முன்னால் நடப்பவர் சொல்வது கடைசி ஆளுக்குக் கேட்கும். ஐம்பது பேர் போனால் பாதையும் சிதையும், பறவையும் பறந்துவிடும். பாம்பு உள்ள நிலத்தில் எல்லோர் காலடியையும் வழிகாட்டி கண்காணிக்க முடிய வேண்டும். முழு மூடிய காலணி, நீளக் கால்சட்டை, குடிநீர், அமைதி ஆகியவை அவசியம். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை. பாம்பைப் பிடிப்பதும் கையில் வைத்துப் படமெடுப்பதும் சட்டப்படி குற்றம். இருளர் சங்கத்தினர்கூட உரிமம் பெற்றே பிடிக்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்திய ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். பள்ளிக்கரணையிலும் தெற்கே வேடந்தாங்கலிலும் பறவைகள் நிறைந்திருக்கும். காலையில் சதுப்பும் ஏரியும், வெயில் ஏறுமுன் தண்டரைப் பக்கம் செடி நடை, பிற்பகலில் வடநெம்மேலி என்று ஒரு நாளை வகுத்துக்கொள்ளலாம். தண்டரைக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் முன்கூட்டிக் கேட்டு, அவர்கள் இசைந்த நாளில் மட்டுமே செல்ல வேண்டும்.

இருளர் வழிகாட்டிக்குத் தரும் ஊதியம் அன்பளிப்பாகவோ இரக்கமாகவோ இருக்கக் கூடாது. கல்லூரிப் பேராசிரியரின் சொற்பொழிவுக்குத் தருவதுபோல, அறிவுக்குரிய கட்டணமாக அதை முன்பே பேசி, நேரடியாக அவர் கையில் தர வேண்டும். பள்ளிகளும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் இயற்கை ஆர்வலர் குழுக்களும் இந்த முறையில் ஆண்டுக்குச் சில நடைகளை ஏற்பாடு செய்தாலே, இருளர் வீட்டு இளைஞர்களுக்குச் சூளைக்குப் போகாமல் தம் பெற்றோரின் அறிவைக் கொண்டே பிழைக்கும் வழி கிடைக்கும். தென் புறநகர் மக்களும் தாங்கள் குடியிருக்கும் நிலத்தை அறிந்துகொள்வார்கள்.