கன்னம் பதியாத துப்பாக்கி
கையும் கருவியும் – 11

சென்ற வாரம் திருப்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டரின் மேசையருகே நின்று கத்தரியைப் பார்த்தோம். இந்த வாரக் கருவி 12 போர் ஷாட்கன். 2023 அக்டோபர் 1 அன்று சீனாவின் ஹாங்சௌ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியில், பறக்கும் தட்டுகளைச் சுடும் ஆண்கள் டிராப் பிரிவில் இந்திய அணி தங்கம் வென்றது. கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து, பிருத்விராஜ் தொண்டைமான் என்று மூன்று பேர். மூன்றாமவர் நம் புதுக்கோட்டைக்காரர். மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் சுட்டார். அவர் தோளில் ஏந்திய கருவி எப்படித் தயாராகிறது என்பது அந்த விளையாட்டில் இறங்க நினைக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் உள்ள வேறுபாட்டில் தொடங்குவோம். ரைஃபிளில் ஒரே குண்டு. ஷாட்கன் தோட்டாவுக்குள் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒலிம்பிக் போட்டித் தோட்டாவில் 24 கிராம் ஈயம்தான் அனுமதி. ஒவ்வொரு குண்டும் 2.4 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 300 குண்டுகள். குழலை விட்டு வெளியே வந்ததும் அவை கூட்டமாக விரிந்துகொண்டே போகும். எவ்வளவு விரிய வேண்டும் என்பதைக் குழலின் வாய்ப்பகுதியில் உள்ள ‘சோக்’ என்னும் குறுக்கம் தீர்மானிக்கிறது. 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். ‘ஃபுல் சோக்’ என்றால் வாயருகே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகியிருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் குண்டுக் கூட்டத்தை நெருக்கிப் பிடிக்கிறது.

இந்தக் கருவியைத் தயார்செய்வதில் மிகவும் மெனக்கெடுபவர்கள் இரண்டு வகையினர். ஒருவர் அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர். இன்னொருவர் டிராப் வீரர். இருவர் கையிலும் இருப்பது 12 போர்தான். ஆனால் ஒருவருக்குச் சரியான அமைப்பு மற்றவருக்கு ஆகவே ஆகாது. ஏன் என்று பார்த்தால் கருவியின் சூட்சுமம் முழுவதும் விளங்கிவிடும்.

வான்கோழி வேட்டைக்காரர் மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். துப்பாக்கி முழங்கால் மேல் இருக்கும். பெட்டையின் குரலைப் போல ஒலி எழுப்பிச் சேவலை அருகே வரவழைப்பார். பறவை நின்று தலையைத் தூக்கும் நேரம் பார்த்து, தலையையும் கழுத்தையும் நோக்கி ஒரே ஒரு முறை சுடுவார். உடம்பில் சுட்டால் தடித்த இறகிலும் மார்புச் சதையிலும் குண்டு தங்கி, பறவை காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். ஆகவே அவருக்கு வேண்டியது மிக நெருக்கமான குண்டுக் கூட்டம்; ஃபுல்லுக்கும் மேலே ‘எக்ஸ்ட்ரா ஃபுல்’ சோக்.

சிக்கலே இந்த நெருக்கத்தில்தான் வருகிறது. 40 கஜத்தில் நன்றாக விரிந்து நிற்கும் அதே கூட்டம், பத்து கஜத்தில் கைமுட்டி அளவுதான் இருக்கும். பறவை பக்கத்தில் வந்துவிட்டது, இனித் தப்பாது என்று நினைக்கும் இடத்தில்தான் நூலளவு பிசகினாலும் மொத்தமும் விலகிப் போகும். சாதாரண ஷாட்கன்னில் குழல் நுனியில் ‘பீட்’ என்ற சின்ன மணி ஒன்று மட்டுமே இருக்கும். ரைஃபிளில் உள்ளதுபோல் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. கன்னம் துப்பாக்கிக் கட்டையில் அழுந்தப் பதிந்தால் கண் சரியான உயரத்தில் நிற்கும். மரத்தடியில் கோணலாக உட்கார்ந்து, பறவையை எட்டிப் பார்க்கும் ஆர்வத்தில் தலையைத் தூக்கினால் குண்டு பறவையின் தலைக்கு மேலே போய்விடும். அதனால்தான் வான்கோழித் துப்பாக்கியில் முன்குறி பின்குறி இரண்டும் வைக்கிறார்கள். இப்போது சிவப்புப் புள்ளி காட்டும் ‘ரெட் டாட்’ கண்ணாடியும் பொருத்துகிறார்கள். ரெட் டாட்டைச் சரியாகத் திருகி அமைத்துவிட்டால், தலை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் புள்ளி நிற்கும் இடத்திலேயே குண்டு போகும்.

டிராப் களத்தில் நிலைமை நேர் எதிர். அங்கே இலக்கு 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு. வீரர் நிற்கும் கோட்டுக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்தில் 15 எந்திரங்கள் இருக்கும். வீரர் குரல் கொடுத்ததும் அவற்றில் ஒன்றிலிருந்து தட்டு பாயும். இடமோ வலமோ 45 டிகிரிவரை எந்தக் கோணத்திலும் போகலாம். யாரும் அடிக்காவிட்டால் 76 மீட்டர் தள்ளிப் போய் விழும். வீரர் சுடும்போது தட்டு சுமார் 35 மீட்டர் தொலைவில் இருக்கும். குண்டு அங்கே போய்ச் சேரப் பத்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் தட்டு இரண்டு மீட்டர் தாண்டியிருக்கும். புள்ளியைப் பார்த்து நிதானமாகக் குறிவைக்க நேரமே கிடையாது. பார்வை தட்டின் மேலேயே இருக்க வேண்டும். குழல் உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். மணியை உற்றுப் பார்த்தால் குழல் நின்றுவிடும். குழல் நின்றால் தட்டு தப்பிவிடும்.

ஆகவே டிராப் வீரருக்குக் குறியமைப்பு என்பது துப்பாக்கிக் கட்டையிலேயே அடங்கிவிட்டது. தோளிலிருந்து விசைவரை உள்ள நீளம், கன்னம் பதியும் மேட்டின் உயரம், கட்டை பக்கவாட்டில் வளைந்திருக்கும் அளவு ஆகிய மூன்றையும் அவரவர் கழுத்து, தோள், கன்ன எலும்புக்கு ஏற்ப அமைக்க வேண்டும். கண்ணிலிருந்து குழல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர். கன்னம் மூன்று மில்லிமீட்டர் உயர்ந்தால் 35 மீட்டரில் குண்டுக் கூட்டம் பத்து சென்டிமீட்டர் மேலே போகும். கிட்டத்தட்ட ஒரு தட்டின் அளவு அது. தட்டு மேலேறிக்கொண்டே போவதால் டிராப் துப்பாக்கியை இயல்பிலேயே சற்று மேலே சுடும்படிதான் அமைக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்ட குண்டுகள் குறிக்கு மேலே விழும். அப்போதுதான் தட்டைக் குழல் மறைக்காமல் கண்ணால் முழுதாகப் பார்த்துக்கொண்டே அடிக்க முடியும்.

கட்டைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது எந்தக் கண் முதன்மைக் கண் என்பதை. இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு, நீட்டிய கட்டைவிரலால் தூரத்து விளக்குக் கம்பம் ஒன்றை மறையுங்கள். பிறகு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் கம்பத்தின் மேலேயே நின்றால் திறந்திருக்கும் கண்தான் முதன்மைக் கண். விரல் விலகித் தெரிந்தால் மூடிய கண். வலது தோளில் துப்பாக்கி ஏந்துபவருக்கு இடக்கண் முதன்மையாக இருந்தால், கட்டை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் குண்டு இடப்பக்கம் விலகும். கண்ணாடியின் இடது வில்லையில் சின்ன ஒட்டுத்துண்டு ஒட்டுவது பலரும் கையாளும் தீர்வு. சிலர் இடது தோளுக்கே மாறிவிடுகிறார்கள்.

இவ்வளவு செய்த பிறகும் வேலை முடியவில்லை. காகிதத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும். திருப்பூரில் சாம்பிளைத் துவைத்துச் சுருக்கம் பார்க்காமல் யாரும் பல்க் துணியை வெட்டுவதில்லை. இங்கும் அதே ஒழுங்குதான். நாலடிக்கு நாலடி காகிதத்தை 40 கஜத்தில், அதாவது சுமார் 36.5 மீட்டரில் நிறுத்தி, நடுவில் ஒரு புள்ளி வைத்து ஒரு தோட்டா சுடுவார்கள். பிறகு குண்டுகள் அடர்ந்து விழுந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல விட்டத்தில் ஒரு வட்டம் வரைவார்கள். வட்டத்துக்குள் உள்ள ஓட்டைகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்து எண்ண வேண்டும். 300 குண்டுகளில் 210, அதாவது 70 சதவீதம் உள்ளே இருந்தால் அது ஃபுல் சோக்கின் வேலை. 60 சதவீதம் என்றால் ‘மாடிஃபைடு’. வட்டத்தின் மையம் முதலில் வைத்த புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். அந்த விலகல்தான் கட்டையில் எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லும். ஒரு தாளை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பல தாள்கள் சுட்டுச் சராசரி எடுக்க வேண்டும். தோட்டாவின் தயாரிப்பு மாறினாலும் மறுபடி முதலிலிருந்து.

வான்கோழி வேட்டைக்காரரும் இதே பரீட்சையைத்தான் செய்கிறார். அவருடைய வட்டம் பத்து அங்குலம். அதற்குள் நூறு குண்டுகளாவது விழும் தூரமே தன் துப்பாக்கிக்கான எல்லை என்று பலர் வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய சேவல் நின்றாலும் சுடுவதில்லை. கருவியின் எல்லையைத் தாளில் தெரிந்துகொண்டு, அந்த எல்லைக்குள் நிற்பது. இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவதும் அதுதான்.

நம் நாட்டில் வேட்டை கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முடித்துவைத்தது. வான்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்த பறவைதான் நம் மயில். காங்கயம், தாராபுரம், உடுமலை வட்டாரத் தோட்டங்களில் விதைத்ததைக் கிளறித் தின்கிறது என்று விவசாயிகள் படும் அவதி உண்மையானது. அதற்கு அரசு நல்ல வழி காண வேண்டும். ஆனால் 1963 முதல் தேசியப் பறவையான மயில், சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுவரை சிறை. பால்ரஸ் குண்டு திணித்த நாட்டுத் துப்பாக்கி இந்தப் பிரச்சினைக்கு விடை ஆகாது. எங்கே போகும் என்று சுடுபவருக்கே தெரியாத குண்டு அது.

ஷாட்கன் கலை இந்தியாவில் காட்டைவிட்டுக் களத்துக்கு வந்து நெடுநாளாகிறது. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் டிராப்பில் வெள்ளி வென்றார். ஐந்து ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 2004இல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் டபுள் டிராப்பில் வெள்ளி வென்றார். 2006இல் மானவ்ஜித் சிங் சந்து டிராப்பில் உலக சாம்பியன் ஆனார். புதுக்கோட்டையின் தங்கமும் அந்த வரிசையில் வந்ததே.

திருப்பூர் வட்டாரத்தில் பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்க்க வசதியும் மனமும் உள்ள குடும்பங்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்வேன். துப்பாக்கியின் விலையைப் பிறகு கேளுங்கள். முதன்மைக் கண்ணையும் கட்டையின் பொருத்தத்தையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வளரும் பிள்ளையின் கழுத்தும் தோளும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் உயரம் மாற்றக்கூடிய கன்னமேடு உள்ள கட்டைதான் உகந்தது. இரண்டாவது, சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் சொந்தமாக உரிமம் பெற முடியாது. பயிற்சி என்பது அங்கீகாரம் பெற்ற கிளப்பில், பயிற்சியாளர் கண்முன் நடக்க வேண்டியது. சுடும் நிலையில் இல்லாத துப்பாக்கி எப்போதும் காலியாகவும் குழல் மடக்கித் திறந்தும் இருக்க வேண்டும். காதடைப்பும் கண்ணாடியும் இல்லாமல் களத்தில் கால் வைக்கவே கூடாது.

மூன்றாவது, ஈயம். களம் அமைக்க நினைப்பவர்களுக்கு இது. ஒவ்வொரு தோட்டாவும் 24 கிராம் ஈயத்தை மண்ணில் விட்டுப் போகிறது. நீர்ப்பறவைகள் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும்; கல்லென்று நினைத்து ஈயக் குண்டையும் விழுங்கிவிடும். இரைப்பையில் அது தேய்ந்து இரத்தத்தில் கலந்து பறவையைக் கொல்கிறது. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்கா 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியமும் ஈரநிலங்களில் 2023 முதல் தடை விதித்தது. திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டை நேரில் கண்ட ஊர் இது. களம் எதுவாயினும் குளம், ஓடை, வாய்க்கால் எதற்கும் அருகில் வரக் கூடாது. விழுந்த ஈயத்தைக் காலாகாலத்தில் அள்ளிச் சேர்க்கும் ஏற்பாடு வரைபடத்திலேயே இருக்க வேண்டும். குண்டு எங்கே போய் விழுகிறது என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு காகிதத்தில் தொடங்குகிறது. தட்டு உடைந்ததோடு அது முடிந்துவிடுவதில்லை.

(தொடரும்)