ஆவாரம்பூவும் பதுகம்மாப் பாட்டும்

மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள் மாலை வேளைகளில் ஹைதராபாத்தின் தெருக்களிலே பெண்களின் கைதட்டலும் பாட்டும் ஒலிக்கும். அதுவே பதுகம்மா விழா.

நாம் ஆவாரம்பூ என்பதைத் தெலுங்கர் ‘தங்கேடு’ என்பர். அதனையும் பிற மலர்களையும் தட்டில் கோபுரமாக அடுக்கி நடுவில் வைத்து, பெண்கள் வட்டமாகச் சுற்றி வருவர். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் திருப்பிப் பாடுவர். கும்மியை அறிந்த நமக்கு இது புதிதன்று. தெய்வக் கதையும், பிறந்தகத்தின் நினைவும், புகுந்தகத்தின் துயரும் அப்பாடல்களில் இடம்பெறும். இறுதி நாளில் உசேன் சாகர் முதலிய நீர்நிலைகளில் மலர்க்கோபுரங்களை விடுவர்.

2014-ஆம் ஆண்டில் தெலங்காணா அரசு இதனை மாநில விழாவாக அறிவித்தது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, தாய் பாட மகள் திருப்பிப் பாடிய வழக்கமே இப்பாடல்களைக் காத்து வந்தது. ஒலிப்பதிவு குரலைக் காக்கும். திருப்பிப் பாடும் பழக்கத்தை மனிதரே காக்க வேண்டும்.

நம் இல்லங்களிலும் கும்மிப் பாட்டறிந்த பாட்டிமார் உளர். அவர்கள் அடியெடுக்கும்போது உடன்பாடப் பேத்தியர் வேண்டாவா? அண்டை வீட்டார் அழைத்தால் பதுகம்மா வட்டத்தில் சேர்ந்து பாடுங்கள். பின்னர் உங்கள் வாசலிலும் ஒரு கும்மி வட்டம் கூட்டுங்கள்.