கியர் பொக்ஸ் போன வேன்: திறக்க முன் ஒரு கணக்கு

கடைகளுக்குச் சாமான் போடும் நம் சகோதரர்களில் பலரிடம் இன்றும் ஓடுவது இருபது, இருபத்தைந்து வயதைத் தாண்டிய வேன்களும் சிறு லொறிகளும்தான். இதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது, 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும், வரியோடு சேர்ந்து வரும் விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே பழைய வாகனத்தைத் திருத்தி ஓட்டுவதே நமது வழியாகிவிட்டது.

இப்படியான வாகனத்தில் எஞ்சினுக்கு அடுத்த பெரிய செலவு கியர் பொக்ஸ்தான். அது பழுதானால் பிரித்துத் திருத்துவதா, பஞ்சிகாவத்தையில் பாவித்த ஒன்றை வாங்கிப் போடுவதா, வாகனத்தையே விற்றுவிடுவதா? நம்மில் அநேகர் இந்த முடிவை கராஜ்காரரிடம் விட்டுவிடுகிறோம். அவருக்கு வாகனம் தெரியும். நமது வியாபாரம் அவருக்குத் தெரியாது. இந்த முடிவில் பாதி மெக்கானிக்கின் வேலை, மறுபாதி கணக்கப்பிள்ளையின் வேலை.

நோய் கியர் பொக்ஸில்தானா?

முதலில் இதை உறுதி செய்யுங்கள். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வாகனம் ஏறவில்லை என்றால் அது கிளச் வழுக்குவதாக இருக்கலாம். எல்லாக் கியரும், குறிப்பாக ரிவர்ஸ், கறகறத்து விழுகிறது என்றால் கிளச் முழுதாக விடுபடவில்லை. மாஸ்டர் சிலிண்டரோடு வேலை முடிந்துவிடக்கூடும். ஒரேயொரு கியர் மாத்திரம் கறகறத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். கிளச் பெடலை மிதிக்கும்போது மாத்திரம் சத்தம் வந்தால் ரிலீஸ் பெயாரிங்கைப் பாருங்கள். புறப்படும்போது 'டக்' என்று அடித்தால் புரொப்பலர் ஷாப்ட் குரோஸைப் பாருங்கள்.

பின் சில்லு இழுக்கும் வேன்களில் இன்னொரு அடையாளம் உண்டு. நாலாம் கியரில் சத்தம் இல்லை, மற்றக் கியர்களில் ஊளையிடுகிறது என்றால் கீழ் ஷாப்டின் பெயாரிங்தான் முதல் சந்தேகம். நாலாம் கியரில் பாரம் நேராகக் கடந்து போகும். கீழ் ஷாப்ட் சுற்றினாலும் பாரத்தைச் சுமப்பதில்லை.

அடுத்து, ஒயிலை வடித்துப் பாருங்கள். வடிகால் ஆணியில் சாம்பல் நிறப் பசைபோல மெல்லிய தூள் இருப்பது சாதாரணம். மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் பித்தளை சிங்க்ரோ ரிங் தேய்கிறது. இரும்புத் துண்டு வந்தால் அதற்குப் பின் வாகனத்தை ஓட்டவே கூடாது.

என் வேனுக்கு வந்த முடிவு

நான் வைத்திருப்பது டொயோட்டா ஹைஏஸ், நம்மவர்கள் டொல்பின் என்று சொல்கின்ற டீசல் வேன். மாவனல்லையிலிருந்து கண்டிப் பக்கம் சாமான் கொண்டு போகின்றது. போகும்போது கடுகண்ணாவை ஏற்றம், வரும்போது அதே இறக்கம். 2025 மார்ச்சில் ஒரு நாள் சாரதித் தம்பி வந்து, "முதலாளி, மூன்டாம் கியர் பாயுது. கையால புடிச்சிட்டுத்தான் எறக்கத்துல வாறன்" என்றார். அன்றே வேனை நிறுத்தினேன். இறக்கத்தில் கியர் பாய்ந்தால் எஞ்சினின் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கில்தான் விழும். ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறு கையால் கியர்த் தடியும் பிடித்துக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்குவது ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஏப்ரல் புத்தாண்டு வியாபாரத்துக்கு மூன்று வாரங்களே இருந்தன. கராஜ்கார நானாவிடம் விலை கேட்டேன். "தொறந்து பாக்காம ஒன்டும் சொல்ல ஏலாது ஹாஜியார்" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் திறந்த பின் வேன் அவருடைய குழியில் கிடக்கும், நமது பேரம் பேசும் பலம் போய்விடும். ஆகவே திறக்க முன்னரே ஓர் எல்லைத் தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். "இதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்தி எனக்குச் சொல்லுங்கள். திறந்த கூலியைத் தருவேன், மிச்சத்தை நான் யோசிக்கிறேன்" என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

அந்த எல்லையை எப்படிப் போடுவது? கீழே உள்ள எண்கள் விளங்குவதற்காக மாத்திரம். சந்தை விலை என்று எடுக்க வேண்டாம்.

பாவித்த கியர் பொக்ஸ் 120,000 ரூபா. கழற்றிப் பூட்டும் கூலி 25,000. கிளச், ஒயில் சீல்கள், ஒயில் 45,000. வேலை 2 நாள். அந்த நாட்களில் வாடகை வாகனம் நாளொன்றுக்கு 12,000 வீதம் 24,000. மொத்தம் 214,000.

நம்முடையதையே பிரித்துத் திருத்தினால் பெயாரிங், கியர், ரிங் எல்லாம் 140,000. கூலி 45,000. கிளச் முதலியவை அதே 45,000. வேலை 7 நாள், வாடகை 84,000. மொத்தம் 314,000.

பாவித்தது ஒரு இலட்சம் குறைவு. அதோடு பலர் கணக்கை முடித்துவிடுவார்கள். இன்னுமொரு வரி எழுத வேண்டும்: எத்தனை மாதத்துக்கு? முன்பின் தெரியாத பெட்டிக்கு 18 மாதம் என்று வைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 11,900 ரூபா. ஒழுங்காகத் திருத்தியதற்கு 36 மாதம் என்று வைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 8,700 ரூபா. இப்போது பக்கம் மாறிவிட்டது.

ஆனால் கவனியுங்கள். 36 மாதம் என்பது கியர் பொக்ஸின் ஆயுள் மாத்திரம் அல்ல. வேனின் செசி துருப்பிடித்து, எஞ்சின் ஒயில் குடித்துக்கொண்டிருந்து, ஒன்றரை வருடத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால், திருத்தும் செலவையும் 18 ஆல்தான் பிரிக்க வேண்டும். மாதத்துக்கு 17,000 ரூபாவைத் தாண்டிவிடும். கியர் பொக்ஸின் ஆயுள், நீங்கள் வாகனத்தை வைத்திருக்கப் போகும் காலம், இந்த இரண்டில் குறைந்தது எதுவோ அதுவே கணக்குக்கு வரும் மாதம். மேற்சொன்ன எண்களின்படி குறைந்தது 27 மாதமாவது வேனை வைத்திருப்பவருக்கே திருத்துவது இலாபம்.

என் வேனின் பொடியும் எஞ்சினும் இன்னும் மூன்று வருடம் தாங்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். திறந்தபோது பெயாரிங்குகளும் மூன்றாம் கியரின் தொகுதியும் மாத்திரமே போயிருந்தன. கோது நல்லது, மற்றப் பற்கள் நல்லவை. தொகை எல்லைக்குள் நின்றது. வாடகை லொறி பிடித்துக் கடைகளுக்குச் சாமானைத் தவறாமல் அனுப்பிக்கொண்டு, உள்ளதையே திருத்தினேன். பல் உடைந்து கோதை வெடிக்க வைத்திருந்தால் பஞ்சிகாவத்தைக்குத்தான் போயிருப்பேன்.

பாவித்தது வாங்குவோருக்கு

ஜப்பானில் கழற்றி வரும் பெட்டிகளில் நல்லவையும் உண்டு. அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பது மாத்திரம் விற்பவருக்கும் தெரியாது. வாகனத்தின் தகட்டிலுள்ள மாடல் இலக்கத்தையும் கியர் பொக்ஸ் கோட்டையும் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே மாடல் வேனிலும் எஞ்சினுக்கு எஞ்சின் பெட்டி மாறும். உங்கள் கிளச் பிளேட்டைக் கையோடு கொண்டு போய் ஷாப்டில் போட்டுப் பாருங்கள். பெல் ஹவுசிங், பின் மவுண்ட், பின் முனையின் நீளம், ஸ்பீடோ மீற்றர் கேபிளா சென்சரா என்பவை பொருந்த வேண்டும்.

கையால் சுற்றி எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். முன் ஷாப்டை ஆட்டிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி ஆடினால் விட்டுவிடுங்கள். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்த பெட்டி. 'செக்கிங் வொறண்டி' என்று வாயால் சொல்வது போதாது. எத்தனை நாள், காசு திருப்பித் தருவாரா, வேறொன்று தருவாரா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். வேறொன்றை இலவசமாகத் தந்தாலும், மீண்டும் கழற்றிப் பூட்டும் கூலியும் வாடகையும் உங்கள் தலையில்தான். மேலே சொன்ன கணக்கில் அது 49,000 ரூபா. பழைய பெட்டியைச் சும்மா கொடுத்துவிட்டும் வராதீர்கள். அதிலுள்ள நல்ல கியர்களுக்கு விலை உண்டு.

திருத்துவோருக்கு

பெயாரிங்குகளைச் சுத்தியலால் தட்டி இறக்கும் இடத்துக்கு இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். பிரஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பெயாரிங் போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது. பெட்டியை மறுபடி இறக்கும் கூலி ஒரு பெயாரிங்கின் விலையை விட அதிகம். கழற்றிய பழைய சாமான்களைக் கையில் தரச் சொல்லுங்கள்.

இரு வழியிலும், பெட்டி கீழே இருக்கும்போதே கிளச் பிளேட், ரிலீஸ் பெயாரிங், எஞ்சினின் பின் ஒயில் சீல் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஒயில் போடும்போது கைநூலில் சொன்ன தரத்தையே போடுங்கள். ஜீஎல்-4 கேட்கும் பெட்டிக்கு 'இது அதைவிட உயர்ந்தது' என்று ஜீஎல்-5 ஊற்றினால், சில ஒயில்களிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை ரிங்குகளைக் கெடுக்கும்.

ஓட்டோ கியர் வாகனம் வைத்திருப்போருக்கும் கணக்கு இதேதான். ஆனால் பெட்டியைக் கழற்ற முன் ஒயில் மட்டம், ஒயிலின் கருகிய மணம், வயரிங், சொலினொயிட் ஆகியவற்றைக் கணினியில் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சில்லுகள் உருளும்படி கட்டி இழுத்துச் செல்ல வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது அந்தப் பெட்டிக்குள் ஒயில் ஓடாது.

விற்பதும் ஒரு வழிதான்

கியர் பொக்ஸைத் திருத்தினால் வாகனத்தின் விலை அந்தச் செலவின் அளவுக்கு ஏறாது. ஆகவே விற்கத் தீர்மானித்தவர் பெரிய வேலை செய்துவிட்டு விற்க வேண்டாம். பழுதைச் சொல்லி, பழுதோடு விலை பேசுங்கள். தடித்த ஒயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கி விற்பவர் இன்னொரு வியாபாரியின் முதலில் கை வைக்கிறார்.

ஓடிக்கொண்டிருக்கும் வேன் வைத்திருப்பவர் இன்றே இரண்டு காரியம் செய்யலாம். கியர் பொக்ஸின் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஒரு ஒயில் சீல் கசிவைக் கவனிக்காமல் விட்டதால் போன பெட்டிகள் ஏராளம். அடுத்து, கணக்குப் புத்தகத்தில் வேனுக்கென்று ஒரு பக்கம் திறந்து, ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். நாளுக்கு 300 ரூபா, மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 90,000 ரூபா. பெட்டி போகும் நாளில், சாமானுக்குக் கொடுத்த செக்கை வைத்துக்கொண்டு கராஜ் வாசலில் கைமாற்றுத் தேட வேண்டி வராது.