மதிலுக்குள் ஒரு பணி



கோயமுத்தூரில் காந்திபுரம் பேருந்து நிலையத்தின் அருகே நீண்டு செல்லும் உயர்ந்த மதிலைக் காணாதவர் கொங்கு நாட்டில் அரியர். 1872ஆம் ஆண்டில் எழுந்த மத்தியச் சிறைச்சாலையின் மதில் அது. சிறைக்குள் அடைபட்டோரைப் பற்றிக் கதைகளிலும் திரைப்படங்களிலும் நிரம்பக் கண்டிருக்கிறோம். குற்றம் எதுவும் செய்யாமலே தம் வாழ்நாளில் பெரும்பகுதியை மதிலுக்குள் கழிப்பவர்களும் உண்டு. அவர்களே சிறை அதிகாரிகளும் காவலர்களும். அவர்களுடைய பணி எத்தகையது என்பதை இன்று காண்போம்.

சிறையின் நாள் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையில் முடிகிறது. விடியற்காலையில் அறைகளைத் திறக்கும்போது உள்ளிருப்போரை எண்ணுகிறார்கள். மாலையில் அடைக்கும்போது மீண்டும் எண்ணுகிறார்கள். நீதிமன்றத்திற்குச் சென்றவர், மருத்துவமனையில் படுத்திருப்பவர், அன்று புதிதாக வந்தவர், விடுதலை பெற்றவர் ஆகிய எல்லாரையும் கூட்டிக் கழித்து, பதிவேட்டுக் கணக்கும் தலைக்கணக்கும் ஒத்து வரவேண்டும். ஒரு தலை குறைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதைப் போன்றதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். பள்ளியில் ஒருவர் வராவிட்டால் ஆசிரியரின் வேலை போய்விடாது!

கைதிகளிடையே நின்று பணிபுரியும் காவலரின் கையில் பொதுவாகத் துப்பாக்கி இராது. இது பலருக்கு வியப்பளிக்கும். ஐக்கிய நாடுகள் சபை 2015ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளும் இதையே வற்புறுத்துகின்றன. நூறு பேர் நடுவே ஒருவர் ஏந்திய துப்பாக்கி எக்கணத்திலும் வேறு கைக்கு மாறிவிடக்கூடும் அன்றோ? ஆதலின் அவர் தம் கண்ணையும் நாவையுமே நம்பி நிற்கிறார். வழக்கமாக உரக்கப் பேசுபவன் இன்று ஏன் வாய் திறக்கவில்லை? வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்தபின் ஒருவன் ஏன் சோற்றைத் தொடவில்லை? இவற்றைக் கவனிக்கத் தவறிய இரவில் ஓர் உயிர் போய்விடலாம்.

இப்பணியை வகுத்த அடிப்படைச் சட்டம் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமாகும். கண்காணிப்பாளரின் எழுத்து மூலமான அனுமதியின்றி ஜெயிலர் ஓர் இரவுகூடச் சிறையை விட்டு விலகியிருத்தல் ஆகாது என்று அது விதித்தது. கைதியோடு எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் அதிகாரிக்குக் கூடாது என்றும் சொன்னது. இந்த இரண்டாம் விதியின் ஆழத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கட்டுப் பீடியை இரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்த காவலர், அன்று முதல் அந்தக் கைதிக்கு அஞ்சி நடக்க வேண்டியவராகிறார். சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பிறகு ஐயமாகிவிடும்.

கொங்கு நாட்டுச் சிறையைப் பற்றிப் பேசுவோர் வ. உ. சிதம்பரனாரை மறக்க இயலாது. 1908ஆம் ஆண்டில் தண்டனை பெற்ற அவர் 1910 வரை கோவைச் சிறையில் இருந்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தார். தண்டனை விதித்தது நீதிமன்றம். அத்தண்டனைக்குச் செக்கு என்று பொருள் கண்டவர்கள் சிறை அதிகாரிகள். வ. உ. சி. பின்னர்த் தம் வரலாற்றைச் செய்யுளாக எழுதியபோது, தம்மை நடத்திய அதிகாரிகளையும் அதில் எழுதி வைத்தார். அவரைக் கைதியாகப் பதிவேட்டில் குறித்தவர்களை நாம் இன்று அறிவது அந்தக் கைதியின் எழுத்தினாலேதான்!

விடுதலைக்குப் பின் எல்லாம் மாறிவிட்டதா? தில்லித் திகார் சிறையில், உறவினரிடமிருந்து பணம் பறிப்பதற்காகக் காவலர் ஒருவர் ஒரு கைதியைக் கொடுமைப்படுத்தினார் என்று மற்றொரு கைதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1980ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் இடம்பெற்ற அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். சிறைக்குள் சென்றவனின் அடிப்படை உரிமைகள் வாயிலிலே கழன்று விழுவதில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2024 அக்டோபரில், சாதியைக் கொண்டு கைதிகளுக்கு வேலை பிரித்தளிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. இத்தனை காலம் கடந்தும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே வருந்தத்தக்கது.

மற்றொன்றையும் சேர்த்து எண்ணுங்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். இன்னும் குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்படாதவர்கள். காவலர் தம் முன்னே நிற்பவனைக் குற்றவாளி என்று மனத்தில் முடிவு செய்துவிட்டால், நீதிபதிக்கு முன்பே தீர்ப்பு எழுதியவராகிறார். தண்டனை பெற்றவனையோ பழையபடியே வெளியே அனுப்புவது எவருக்கும் நன்மையன்று. இதைக் கற்பிப்பதற்காகவே வேலூரில் 1979 முதல் தென் மாநிலச் சிறை அதிகாரிகளுக்கான பயிற்சி நிலையம் இயங்கி வருகிறது.

கோவைச் சிறையில் தறிகள் ஓடுகின்றன. சிங்காநல்லூரில் திறந்தவெளிச் சிறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கைதிகளைக் கொண்டே நடத்தும் பெட்ரோல் நிலையமும் கோவையில் திறக்கப்பட்டது. நன்னடத்தையுள்ள கைதிகள் பொதுமக்களின் வண்டிகளுக்கு எண்ணெய் நிரப்புகிறார்கள். காசை எண்ணி வாங்குகிறார்கள். சுற்றிலும் உயர்ந்த மதில் இல்லை. பெருஞ்சாலை பத்தடி தொலைவில் ஓடுகிறது. யாரை அங்கே அனுப்பலாம் என்று தேர்ந்தெடுத்த அதிகாரி, பல மாதங்களாக ஒரு மனிதனைப் பார்த்துப் பழகி, அவனுக்காகத் தம் பெயரைப் பிணையாக வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் அவர்கள் திரும்பி வருகிறார்கள். வாயிலின் முதற்கதவு மூடுகிறது, இரண்டாவது திறக்கிறது, காவலர் மறுபடியும் எண்ணத் தொடங்குகிறார்.