பாலாறும் சட்டமும்

சமூகப் பொறியியல் என்னும் சொல் இந்நாளில் பெரிதும் அடிபடுகிறது. ஜாதிக் கணக்குப் போட்டு வேட்பாளரை நிறுத்தும் தந்திரத்திற்கே கட்சிக்காரர் சிலர் அப்பெயரைச் சூட்டிவிட்டனர். அமெரிக்க நியாய சாஸ்திரியான ராஸ்கோ பவுண்டு அதற்குக் கூறிய பொருள் மேலானது. ஜனங்களின் நலன்கள் ஒன்றோடொன்று மோதும்பொழுது, உராய்வும் விரயமும் இயன்றவரை குறையும்படி அவற்றை இணக்கி வைப்பதே சட்டத்தின் வேலை என்றார் அவர்.

இக்கொள்கைக்கு உரைகல் நமது வேலூர்ச் சீமையிலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. தேசத்துக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகின்றன. ஆயினும், குரோமியமும் உப்பும் கலந்த அவற்றின் கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கிற்று. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று சுப்ரீம் கோர்ட்டின் முன் சொல்லப்பட்டது.

வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் தொடுத்த அவ்வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. கைத்தொழிலே வேண்டாம் என்று கோர்ட்டார் சொல்லவில்லை. கேடு நேருமுன் தடுக்க வேண்டும். கெடுத்தவனே நஷ்டஈட்டையும் நிலத்தைச் சீர்ப்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் இரு விதிகளையும் இத்தேசச் சட்டத்தின் பகுதியென நாட்டினர். ஐந்து ஜில்லாக்களின் சாலைகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தனர். இதன் சூட்சுமம் எளிது. கழிவுநீரைச் சுத்தி செய்யும் செலவு செருப்பின் விலையில் ஏறாவிடில், உழவனின் தலையில் ஏறுகிறது. எவரும் எழுதாத அக்கடனை உரியவன் பேரில் எழுதியதே தீர்ப்பின் பெருமை.

ஆனால் பாலத்தின் வரைபடம் பாலமாகிவிடாது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, 10 தொழிலாளர் மாண்டனர். வயிறு பிழைக்க வங்காளத்திலிருந்து வந்தவரே அவர்களில் மிகுதி. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டோருக்கு நஷ்டஈட்டைச் சர்க்கார் கொடுத்து, மாசு செய்தவரிடம் வசூலிக்கட்டும் என்றும், மேற்பார்வைக்குக் கமிட்டி அமைக்கப்படட்டும் என்றும் உத்தரவாயிற்று. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே கழிந்தவை 28 ஆண்டுகள்!

உழவனையும் தோல் தொழிலாளியையும் பகைவராக்கிப் பேசுவோர் உண்டு. இருவருக்கும் ஊற்று ஒன்றே என்பதை அவர்கள் மறக்கின்றனர். சாலையை மூடித் தொழிலாளியைப் பட்டினி போடுவதும், கண்ணை மூடிக்கொண்டு உழவனைப் பாழாக்குவதும் நியாயமல்ல. தேசத் தொண்டர்கள் கிராமந்தோறும் சென்று, கிணற்று நீரைப் பரிசோதிக்கச் செய்து, முடிவைக் கிராம சபையில் வாசிக்கவேண்டும். நஷ்டஈடு எவர் கைக்குச் சேர்ந்தது என்று கணக்குக் கேட்கவேண்டும். சட்டம் பலித்ததா என்பதற்குப் பாலாற்றங்கரைக் கிணற்று நீரே சாட்சி சொல்லட்டும்.