ஒற்றை விசை, ஓராயிரம் சிக்கல்

வேகத்துக்காக வந்த குறுக்குவழி விசைகள் பலருக்குத் தடைக்கல்லாகிவிட்டன. இப்போது அவற்றைத் திருத்தும் காலம்.

'சி' விசையைத் தட்டினால் புதுக் கடிதம் எழுதலாம். 'இ' தட்டினால் படித்த கடிதம் கிடங்குக்குப் போகும். 'ஜே', 'கே' இரண்டும் பட்டியலில் கீழும் மேலும் நகர்த்தும். 2004-ல் அறிமுகமான ஜிமெயிலில் இந்த வசதியை இயக்கிக்கொண்டவர்கள் மவுஸைத் தேடுவதில்லை. தினமும் நூறு கடிதங்களைப் பார்ப்பவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் எல்லோரும் கீபோர்டை ஒரே மாதிரி பயன்படுத்துவதில்லை. சிக்கல் அங்கேதான்.

'ஜே', 'கே' வழக்கம் பழையது. பில் ஜாய் 1976-ல் 'விஐ' எடிட்டரை எழுதிய டெர்மினலில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் இருந்தன. இணையத்தில் ஒற்றை எழுத்து பரவ வேறு காரணமும் உண்டு. கன்ட்ரோலுடன் என், டி, டபிள்யூ போன்ற விசைகளைப் பிரவுசர்களே பிடித்துக்கொண்டுவிட்டன. மிஞ்சியது தனி எழுத்துதான்.

இதில் முதலில் அடிபடுபவர்கள், கை ஒத்துழைக்காததால் கம்ப்யூட்டரிடம் பேசி வேலை வாங்குபவர்கள். பேச்சை எழுத்தாக்கும் சாஃப்ட்வேர், சொல்லைத் தனித்தனி எழுத்துகளாகத் தட்டுவதுபோல அனுப்பக்கூடும். கர்சர் எழுதும் பெட்டிக்கு வெளியே இருக்கும்போது 'மீ' என்ற ஆங்கிலச் சொல்லை உச்சரித்தால் போதும்: 'எம்' ஒரு கடிதத் தொடரை ஓசையில்லாமல் ஒதுக்கும், 'இ' இன்னொன்றைக் கிடங்குக்கு அனுப்பும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இதே கதி.

பார்வையற்றோர் படும் பாடு வேறு. திரையை வாசித்துக் காட்டும் இலவச சாஃப்ட்வேரான என்விடிஏவில், பக்கத்தை உலாவும்போது 'கே' என்றால் அடுத்த இணைப்பு, 'எச்' என்றால் அடுத்த தலைப்பு. விசையை அதுவே வாங்கிக்கொள்வதால் இணையதளத்தின் குறுக்குவழிக்குத் தட்டிய தகவலே போய்ச்சேராது.

இந்திய மொழிகளில் தட்டுபவர்களும் தப்பவில்லை. தமிழ்99 முறையில் 'சி' இருக்கும் இடத்தில் வருவது 'ஒ'. 'கே' இருக்கும் இடத்தில் 'ம'. ஆங்கில எழுத்தை மட்டும் எதிர்பார்க்கும் புரோகிராம் அசையாது. விசையின் இடத்தை மட்டும் பார்த்தாலும் வம்புதான்: பிரெஞ்சு கீபோர்டில் 'க்யூ'வின் இடத்தில் இருப்பது 'ஏ'. முதலில் எழுத்தைப் பார்ப்பது, அது ஆங்கில எழுத்தாக இல்லாவிட்டால் இடத்தைப் பார்ப்பது என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

தீர்வுக்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி, 2018-ல் வெளியிட்ட அணுகல் நெறிமுறையின் 2.1 பதிப்பில் மூன்று வழிகளைச் சொன்னது. ஒற்றை எழுத்து விசையை அணைத்துவைக்க முடிய வேண்டும். அல்லது கன்ட்ரோல், ஆல்ட் போன்றவற்றுடன் சேர்த்து மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். அல்லது குறிப்பிட்ட பகுதியில் கர்சர் நிற்கும்போது மட்டுமே அது இயங்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். புரோகிராமர்களின் கூடாரமான கிட்ஹப்பிலேயே எழுத்து விசைகளை அணைக்கும் வசதி உண்டு.

பழகிய விசையைப் பறித்தால் முணுமுணுப்பு எழும் என்பதும் உண்மை. பேக்ஸ்பேஸைத் தட்டினால் முந்தைய பக்கத்துக்குப் போகும் வழக்கத்தைக் குரோம் 2016-ல் கைவிட்டபோது பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அரைமணி நேரம் நிரப்பிய விண்ணப்பம் ஒரே தட்டலில் காணாமல் போவது நின்றது.

இந்தியாவில் இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசு நெறிமுறையின் 2023 பதிப்பு, அந்த 2.1 பதிப்பையே அளவுகோலாகக் கொண்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் அங்கம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிக் கணக்கும் ரயில் டிக்கெட்டும் திரைக்குள் போய்விட்ட நாட்டில், தவறான விசை என்பது மூடிய கதவு. அதைத் திறக்கப் பெரிய செலவில்லை. அமைப்புப் பக்கத்தில் 'அணை' என்று ஒரு பொத்தான் போதும்.